நாலரை லட்சம்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் எந்தப் பொருளையும் விலை சொல்லாமல் காட்டியதில்லை. சொல்கிற விலை ஒருநாளும் உண்மையான விலையாக இருந்ததும் இல்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் நானும் கூட நிற்கும்போது நானூறு ரூபாய்க்கு வாங்கிய செருப்பு, ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் ஆயிரத்து இருநூறு ஆகிவிடும். வீடு போய்ச் சேரும்போது இரண்டாயிரம். வழியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காலை லேசாகத் தூக்கிக் காட்டி அவரே ஆரம்பிப்பார்.

"இன்னா வெல இருக்கும், சொல்லு பாக்கலாம்?"

எதிரே நிற்பவர் மரியாதைக்கு ஏதோ ஒரு தொகையைச் சொல்வார். இவர் உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, அதற்கு மேல் ஒரு மடங்கு ஏற்றுவார். கேட்டவர் வாயைப் பிளக்க வேண்டும். பிளக்காதவர்களை அவருக்குப் பிடிக்காது. "டப்பு பாத்த கையா அது? அவனுக்கு இன்னா தெரியும்?" என்பார். டப்பு என்றால் எங்கள் பக்கத்தில் பணம்.

அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நான் அந்த வீட்டுப் பக்கம் போய்த்தான் நாளாயிற்று. எனக்கு அவரை எப்போதுமே பிடித்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்தவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். இவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனாவைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெளிநாட்டு சிகரெட் பாக்கெட் வைத்திருப்பார். யாரோ துபாயிலிருந்து வந்தபோது கொடுத்தது. உள்ளே இருந்ததெல்லாம் பீடி. நாலு பேர் நடுவில் பாக்கெட்டை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு பீடியைப் பற்றவைப்பார். அந்த ஒரே பாக்கெட் மூலைகள் தேய்ந்து வெளுக்கும்வரை இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அவருக்கு ஆறு ஏக்கர் நெல் நிலம். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் குடோன்கள் வந்துகொண்டிருந்த சமயத்தில், ரோட்டை ஒட்டிய ஒன்றரை ஏக்கரை விற்றார். நல்ல விலைக்குத்தான் விற்றார். அது போதவில்லை. ஊரில் அதை மூன்று மடங்காகச் சொன்னார். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் அதை நம்பி, அதே விலை கொடுத்தால்தான் ஆயிற்று என்று உட்கார்ந்துவிட்டார்கள். வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் இரண்டு மாதம் பார்த்துவிட்டு எளாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேர் நிலமும் இன்றைக்கு வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. அக்கா அதைப் பற்றி ஒருமுறை கேட்டாள்.

"அவனுங்களுக்கு வியாபாரம் தெரில. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அவர் தனியாக வந்தார். அக்கா இல்லாமல் அவர் வந்ததே இல்லை. என் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"மச்சான், ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது."

"எத்தினி நாளா?"

"ஒரு மாசமா. வலி கிலி ஒண்ணும் கெடையாது. பீட்ரூட்டு துன்னதால இருக்கும்னு உட்டுட்டேன்."

ஸ்கேன் எடுத்தோம். மூத்திரப் பையின் உள்சுவரில் ஒரு கட்டி இருந்தது. உடனே சென்னைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். மாமா சொன்ன ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குத்தான் முதலில் போனோம். கண்ணாடிக் கதவு, வாசலில் சல்யூட் அடிக்கிற ஆள். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மருத்துவரும் நிதானமாகப் புரியவைத்தார். வயிற்றைக் கிழிக்கப் போவதில்லை. மூத்திரம் வருகிற வழியாகவே குழாய்போல் ஒரு கருவியை விட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்து விடுவோம். அதைச் சோதனைக்கு அனுப்பி, என்ன ரகம் என்று பார்த்து, தேவைப்பட்டால் மருந்து வைப்போம். சீக்கிரம் செய்துகொண்டால் பயமில்லை.

கீழே பணம் கட்டும் இடத்தில் ஒரு பெண் கணினியில் தட்டி, ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அறை, ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். சோதனையும் அதற்குப் பிந்தைய மருந்தும் தனி.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பிறர் முகத்தில் பார்க்க ஆசைப்பட்ட அந்த அதிர்ச்சி அன்றைக்கு அவர் முகத்திலேயே வந்து உட்கார்ந்தது.

"இவ்ளோவாம்மா?" என்றார்.

நிலம் விற்ற பணம் வங்கியில் இருந்தது. எனக்குத் தெரியும். அந்தப் பெண் வேறு வகை அறைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பேமிலில கலந்து பேசிட்டு வரோம்" என்று எழுந்தார். வெளியே வந்ததும், "கொள்ளக்காரனுங்க" என்று காறித் துப்பினார். சல்யூட் அடித்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. சேர்ந்தது நல்ல முடிவு. காப்பீட்டு அட்டையும் அவரிடம் இருந்தது. அதற்காக வாங்கிய வருமானச் சான்றிதழில், தன் நிலத்தில் நாற்று நடுகிற பெண்களைவிட அவர் ஏழை. விலையை ஏற்றிச் சொல்பவருக்கு வருமானத்தை இறக்கிச் சொல்லத் தெரிந்திருந்தது. ஆபீஸில் ஒரு முகம், ஊரில் ஒரு முகம்.

வார்டில் அவர் இருந்த லட்சணத்தை நான் மறக்கவில்லை. நம் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் போதும், துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். "மேல ஸ்பெஷல் ரூம் காலி இல்லியாம், அதான் இங்க போட்டு வெச்சிருக்காங்க" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் வேலூரிலிருந்து வந்த தறிக்காரர். "அப்படிங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டார்.

ஆபரேஷன் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப் போகவைத்துச் செய்தார்கள். பிறகு மூன்று நாள் குழாய் மாட்டியிருந்தது. மேலே தொங்கும் பையிலிருந்து தண்ணீர் போல மருந்து இறங்கி, மூத்திரப் பையைக் கழுவிக்கொண்டு, கீழே கட்டியிருந்த பைக்கு இளஞ்சிவப்பாக வந்து சேரும். நான்தான் அதைக் காலி செய்தேன். இரண்டாம் நாள் தெளிந்தது. ரவுண்ட்ஸ் வந்த சின்ன வயது டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பீடி பிடிப்பீங்களா ஐயா?"

"சிகரெட்டுதான். ஃபாரின்."

"எதுவா இருந்தாலும் இன்னியோட விட்டுடுங்க. சீக்கிரம் வந்தீங்க, நல்ல வேளை. கட்டி மேலோட்டமாத்தான் இருந்தது. ஆனா திரும்ப வரலாம். மூணு மாசத்துக்கு ஒருமுறை உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். மறக்காம வரணும்."

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் கையிலிருந்து போனதெல்லாம் ரயில் டிக்கெட், நாஷ்டா, தண்ணீர் பாட்டில். மூன்று நாளும் அவர் அழுக்கைத் துடைத்துச் சுத்தம் செய்த ஆயாம்மாவுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார். அந்த அம்மா அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், திருப்பிக் கட்டில் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அவர் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பி வருகிற ரயிலில் பொன்னேரி தாண்டியதும் என் கையைப் பிடித்தார்.

"மச்சான், ஊர்ல யார்னா கேட்டா பிரைவேட்டுன்னு சொல்லு. ஒங்க அக்காவுக்குத்தான் அசிங்கம். இவ்ளோ நெலம் வெச்சிக்கினு தர்ம ஆஸ்பத்திரில போய்ப் படுத்தான்னுவானுங்க."

அக்காவின் பெயரைச் சொன்னதும் நான் தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டல்தான் என் பங்கு.

கும்மிடிப்பூண்டியில் இறங்கினோம். அதே ரயில் பாதையில் இன்னும் இரண்டு ஸ்டேஷன் போனால் ஊர். அவர் போகவில்லை. வெளியே போய் ஒரு ஏ.சி. காரைப் பேசி என்னையும் ஏற்றிக்கொண்டார். சென்னையிலிருந்தே காரில் வருவதாகத் தெரிய வேண்டுமாம். ஊர் முனைக்கு வந்ததும் டிரைவரிடம், "மெதுவா போ நைனா, தையல் பிரிஞ்சிடும்" என்றார். எந்தத் தையல்?

மறுநாள் மாலை பார்க்கப் போனேன். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டி, அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். கீழே ஒரு கீறல்கூடக் கிடையாது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, வந்திருந்தவர்களிடம் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்கேர்ந்து இதுவரைக்கும் கிழிச்சாங்க. நாலரை லட்சம். ரூம்பு மட்டும் ஒரு நாளைக்கு இருவதாயிரம். நம்ம ஒடம்புக்குத்தானே, போவட்டும்னு தூக்கிக் குடுத்தேன்."

"நாலரையா!" என்றார் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர்.

"எல்லாராலயும் முடியுமா? டப்பு இல்லாதவன் இந்த வியாதி வந்தா படுத்துக்க வேண்டியதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. நோய் வந்ததே ஒரு நல்ல காரியம் போல.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சாமுவேல் அண்ணனும் இருந்தார். அவர் காலனிக்காரர். அவர் அப்பா மாமாவின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இவர் சிப்காட்டில், நான் எலெக்ட்ரீஷியனாக இருக்கும் அதே கம்பெனியில், வண்ணப் பவுடர் கலக்கும் செக்‌ஷனில் இருபது வருடமாகக் காண்டிராக்ட் ஆள். அன்றைக்கு எந்த நிறம் ஓடியதோ அந்த நிறம் அவர் நகக்கண்ணில் இருக்கும். பழைய பழக்கத்தில் அவர் கேட்டுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே வரச் சொல்லி மாமாவும் கூப்பிடவில்லை. கம்பி வழியாகவே பிளாஸ்திரியைப் பார்த்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாமுவேல் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு பிடி வாயில் போட்டு மெதுவாக மென்றுவிட்டுக் கேட்டார்.

"தம்பி, ஒங்க மாமாவுக்கு நெசமாவே நாலரை லட்சம் ஆச்சா?"

"ஏண்ணே கேக்கறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சவரு ஒருத்தருக்கு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவரு அப்பிடித்தான் சொல்றாரு" என்றேன்.

"வயித்த கிழிச்சித்தான் ஆவணுமா?"

"அதெல்லாம் டாக்டருங்க பாத்துப்பாங்கண்ணே."

அவர் தலையை ஆட்டினார். மீதிச் சோற்றைத் தண்ணீர் ஊற்றிக் கலைத்துவிட்டு எழுந்து போனார். ஒரே ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். 'அண்ணே, ஒரு பைசா ஆவல, நான்தான் கூட இருந்தேன்.' சொல்ல எத்தனை நேரம் ஆகும்? தெரிந்தவர் யார் என்றாவது கேட்டிருக்கலாம். பெல் அடித்தது, நான் பேனல் போர்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருடம் அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். ரத்தம் போகும், நிற்கும், மறுபடி போகும். நின்ற நாட்களில் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். நாட்டு மருந்து சாப்பிட்டார். மாதாகோவிலில் வேண்டிக்கொண்டார். மனைவி ரூத் அக்காவுக்கே தெரியாமல் துணியைத் தானே துவைத்துப் போட்டார். கடைசியில் ஒருநாள் ஷிப்டில், ரத்தக்கட்டி அடைத்து மூத்திரமே வராமல் வயிறு வீங்கித் தரையில் உருண்டுவிட்டார். காண்டிராக்ட்காரர் இ.எஸ்.ஐ. எதுவும் போட்டிருக்கவில்லை. வேறு ஷிப்டில் இருந்த எனக்கு ரூத் அக்கா போன் செய்தார். நான் ஆம்புலன்ஸில் ஏறி, எனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குக் கூட்டிப்போனேன்.

அதே வார்டு. அதே டாக்டரம்மா. இரண்டு மூன்று நாள் சோதனைகளுக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எவ்வளவு நாளா ரத்தம் போகுதாம்?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்குமாம் மேடம்."

"என்னங்க இது? அப்பவே வந்திருந்தா சுரண்டி எடுத்துட்டு அனுப்பியிருக்கலாம். இப்ப கட்டி சதைக்குள்ள இறங்கிடுச்சு. மூத்திரப் பையையே எடுக்கணும். வயித்துல ஓட்டை போட்டு வெளியில பை மாட்டணும். ஆயுசுக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏன் வரலை? பணத்துக்குப் பயந்தா? இங்க யாரு பணம் கேக்கறாங்க?"

பெரிய ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனவரை மாலையில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கும் காசு வாங்கவில்லை. ரூத் அக்கா வாசலில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து, சாமுவேல் அண்ணனால் தலையணையில் சாய்ந்து உட்கார முடிந்தபோது, நான் உண்மையைச் சொன்னேன். மாமா படுத்த கட்டிலைக் கையால் காட்டினேன். அவருக்கு வயிற்றைக் கிழிக்கவில்லை என்றேன். ஒரு பைசா கட்டவில்லை என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டேனே தம்பி" என்றார்.

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். ரூத் அக்கா அவர் வயிற்றில் மாட்டியிருந்த பையைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்தார். பிறகு அவரும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அன்று நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அவர் பொய்யை நம்பித்தான் அந்த மனிதர் ஒரு வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்தார் என்றேன். அவர் கவளத்தை முழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"நான் இன்னா அவன ஆஸ்பத்திரிக்குப் போவாதன்னா சொன்னேன்?"

"நாலரை லட்சம்னு சொன்னீங்களே."

"அவன் ஏன் என் கணக்க அவன் ஒடம்புக்குப் போட்டுக்கறான்? சும்மா பேஜாரு பண்ணாத மச்சான். மோரு ஊத்து" என்றார் அக்காவிடம்.

அக்கா மோரை ஊற்றினாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவரை நான் இன்னமும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, டீக்கடையில் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"ஒங்க மாமா பெரிய மனுசம்பா. சாமுவேல் ஆபரேசனுக்கு ஒரு லட்சம் குடுத்தாராமே."

டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஒருவனுடைய அழிவில்கூட விலையைப் போட்டுத் தன் பெயரை ஒட்ட முடியும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

நான் போய்க் கேட்கவில்லை. கேட்டது ரூத் அக்கா. அடுத்த ஞாயிறு மாதாகோவில் விட்டதும், அங்கே கட்டிப் போன வெள்ளைப் புடவையோடு நேராக வந்தார். நான் அன்றைக்கு அக்கா வீட்டில் மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர். ரூத் அக்கா கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை. தாழ்ப்பாளைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பெரியவரே, ஒரு லட்சம் குடுத்தீங்களாமே எங்க ஊட்டுக்காரருக்கு. என் கைக்கு வந்து சேரல. யாரு கைல குடுத்தீங்க?"

மாமா சிரித்தார். "ஒனக்குத் தெரியாது ரூத்து. நேரா ஆஸ்பத்திரிலயே கட்டிட்டேன்."

"அங்க யாருகிட்டயும் காசே வாங்கறதில்லையே. ஒரு மாசம் அங்கயே படுத்துக் கெடந்தவ நானு."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாமா, "அதெல்லாம் பெரிய டாக்டருக்குத் தனியா..." என்று ஆரம்பித்தார். அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தாள். கையில் அரிசி களைந்த ஈரம்.

"எந்த டாக்டரும் காசு வாங்கல ரூத்து" என்றாள்.

மாமா திரும்பிப் பார்த்தார்.

"இவருக்கும் அங்கதான் செஞ்சாங்க. வயித்த கிழிக்கல. அந்தப் பிளாஸ்திரிய தெனமும் மாத்தி மாத்தி ஒட்டனவ நான்தான். கீழ ஒண்ணுமே கெடையாது." அவள் குரல் உயரவே இல்லை. எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "யாருக்குனா மூத்திரத்துல ரத்தம் போனா ஊட்டுல ஒக்காந்துக்கினு இருக்காதீங்க. போங்க. காசு கேக்க மாட்டாங்க. என் தம்பிக்கு வழி தெரியும்." பிறகு ரூத் அக்காவின் பக்கம் திரும்பி, "நானும் வாய மூடிக்கினுதான் இருந்தேன். என்னை இன்னா வேணா சொல்லு" என்றாள்.

ரூத் அக்கா முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். வந்த வழியே போனார். கேட்டைச் சாத்தவில்லை.

எந்த மனிதரும் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவளுக்கு இன்னா தெரியும்? பயந்துடுவாளேன்னு பில்ல நான் அவகிட்ட காட்டல" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு என் செல்போன் அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர்.

"தம்பி, எனக்கும் மூணு வாரமா போவுது. யாருக்கும் சொல்லல. ஒங்க அக்கா சொன்னாங்களே... இட்டுக்கினு போறியா?"

லீவு போட்டேன். அன்றைக்கு மாமாவுக்கும் கேமரா விட்டுப் பார்க்கிற நாள். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதல் வகுப்புப் பெட்டி நிற்கிற இடத்துக்கு நகர்ந்து போனார். மோட்டார்க்காரர், "மாமாவ கூப்புடலாமா?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் முதல் வகுப்பில் வந்தார், நாங்கள் சாதாரணப் பெட்டியில் வந்தோம். மருத்துவமனையில் போய்ச் சீட்டு வாங்கிப் பார்த்தால் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. மோட்டார்க்காரருக்குப் பக்கத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

எதிரே இருந்தது கேமரா விட்டுப் பார்க்கும் அறை. கதவு திறந்து ஒரு கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மோட்டார்க்காரர் அதைப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. பக்கத்தில் திரும்பி, எந்தக் குத்தலும் இல்லாமல், தெரிந்தவரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"வலிக்குமாண்ணா?"

மாமா அந்தக் கதவைப் பார்த்தார். அந்த அறையிலிருந்து அவர் வெளியே வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் அதை உயிர் போய் உயிர் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

"ஒண்ணும் இல்ல. ஊசி குத்துற மாதிரிதான். அஞ்சே நிமிசம். மூச்ச நல்லா இழுத்து உட்டுக்க, தெரியாது" என்றார்.

அவர் வாயால் எதையாவது குறைத்துச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். அதுவும் பொய். ஆனால் மோட்டார்க்காரரின் பெயரைக் கூப்பிட்டபோது, அவர் எழுந்து நடுங்காமல் உள்ளே போனார்.

கதவு சாத்தியதும் மாமா என் பக்கம் சாய்ந்தார். முகத்தில் பழைய பூரிப்பு திரும்பியிருந்தது.

"பாத்தியா மச்சான்? நான் மொதல்ல வந்து பண்ணிக்கினதாலதான இவன் வந்தான்? என்னப் பாத்துத்தான வந்தான்?"

"சாமுவேல் அண்ணன் வரலியே மாமா" என்றேன்.

அவர் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தைப் படிப்பது போல வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.